கோடையில் தக்காளியும் மிளகாயும்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

பங்குனி பாதி கடந்துவிட்டால் மாடித்தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன மருந்து அடிக்கலாம்?" இலை சுருண்டாலும் இதே கேள்வி, பூ உதிர்ந்தாலும் இதே கேள்வி. மார்ச் முதல் ஜூன் வரை நம் சமவெளி ஊர்களில் இந்த இரு செடிகளுக்கும் வரும் தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம் வெயில். வெயிலுக்கு மருந்து கிடையாது. நிழலும் நீரும் மூடாக்கும்தான் உண்டு. காரணம் தெரியாமல் எதையாவது தெளித்தால், வாடிய செடி கருகியும் போகும்.

அதனால் தெளிப்பானை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். காலை ஆறு மணிக்குச் செடி எப்படி இருக்கிறது? கோளாறு தெரிவது அடியிலுள்ள முதிர்ந்த இலையிலா, நுனிக் கொழுந்திலா? இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது? பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு உருப்பெருக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு வாங்கும் பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பேன்.

நண்பகலில் செடி துவள்கிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் கூடும்போது இப்படி ஆகும். மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். துவண்டதைப் பார்த்துப் பதறி மூன்று வேளையும் ஊற்றுவதால்தான் பல செடிகள் வேரழுகிச் சாகின்றன. ஈரம் இல்லையென்றால், காலையில் செடி வளரும் பையின் அடித்துளை வழியாக நீர் கசியும்வரை ஊற்றவேண்டும். சிறிய தொட்டிகளுக்கு மட்டும் வெயில் தாழ்ந்தபின் இன்னொரு முறை கொஞ்சம் ஊற்றலாம்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் பிற்பகலில் கையைச் சுடும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள் தேங்கிய நீர் அதைவிடச் சூடு. அதை அப்படியே வேரில் விடக்கூடாது. குழாயில் இருப்பதை ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

பைகளைத் தளத்தின்மேல் நேராக வைத்திருந்தால் நான்கு செங்கல் மேல் ஏற்றுங்கள். காங்கிரீட்டின் சூடு அடிவேரைத் தாக்காது, காற்றும் ஓடும். மண்ணின்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகு, வைக்கோல், கரும்புச்சோகை எது கிடைத்தாலும் மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஓரங்குலம் இடைவெளி விடுங்கள். நிழல்வலை 50 சதவீதம் போதும். 75 சதவீத வலை கட்டினால் செடி நெடுநெடுவென்று வளருமே தவிர காய்க்காது. செடியின் உச்சிக்கும் வலைக்கும் இடையில் குறைந்தது இரண்டு அடி விட்டால்தான் அனல் தங்காது. முழுக் கூரையாகக் கட்ட வசதியில்லை என்றால் மேற்குப் பக்கத்தை மட்டுமாவது மறையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அடிக்கும் சாய்ந்த வெயில்தான் அதிகம் கெடுக்கிறது.

காலையிலும் செடி நிமிரவில்லை

விடியற்காலையிலும் துவண்டே இருந்தால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது.

முந்தாநாள் வரை நன்றாக இருந்த தக்காளி, இலை பச்சையாக இருக்கும்போதே திடீரெனத் தொங்கிவிட்டதா? பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். இதை உறுதி செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை கீழ்நோக்கி இறங்கினால் ஐயமே வேண்டாம், அது பாக்டீரியாதான். செடியை மண்ணோடு அகற்றிவிடுங்கள். கத்தரிக்கோலைக் கொதிநீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தவிர்த்துக் கீரையோ வெண்டையோ போடுங்கள்.

இழை இறங்கவில்லை, இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளித்து, பிளந்த தண்டின் உள்ளே பழுப்புக் கோடு தெரிகிறது என்றால் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை வாடல். இரண்டுக்கும் நோய் வந்தபின் மீட்பு இல்லை. நடும்போதே சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் கலந்த தொழுவுரம் இடுவது முன்காப்பு.

செடி குன்றி, மெல்ல மெல்ல மஞ்சளித்து வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இங்கே கோடை நமக்கு உதவிக்கு வருகிறது. அந்த மண்ணை நனைத்து, தரையில் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் ஓரங்களில் காற்று புகாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் சித்திரை வெயிலில் விட்டுவிடுங்கள். நூற்புழுவும் பல பூஞ்சைகளும் அந்தச் சூட்டில் மடியும். பிறகு வேப்பம் புண்ணாக்கு கலந்து பயன்படுத்தலாம்.

பூக்கிறது, ஆனால் பூ எல்லாம் உதிர்கிறது

கோடையில் மனதை அதிகம் வாட்டும் குறை இதுதான். உதிர்ந்த தக்காளிப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் சிறு கணு போல ஒரு மூட்டு இருக்கும். பூ அங்கேதான் துண்டித்துக்கொள்கிறது. மூட்டு முதலில் மஞ்சளாகும், மறுநாள் லேசாகத் தொட்டாலே பூ கழன்றுவிடும். பூச்சி கடித்த தடமோ அழுகலோ இருக்காது. கருவுறாத பூவைச் செடி தானே கைவிடுகிறது.

பகலில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. பகல் வெப்பத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். இரவை யாரும் பார்ப்பதில்லை. இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் பிஞ்சு பிடிப்பது வெகுவாகக் குறையும். சென்னையில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரியில் நிற்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இரவு அதைவிட நன்றாகக் குளிர்கிறது. கோடைத் தக்காளி ஓசூர், கோலார் பக்கத்திலிருந்து லாரியில் இறங்குவதற்கு இந்த இரவுக் குளிர்ச்சி ஒரு முக்கியக் காரணம். சென்னை மாடியில் ஓசூர் விளைச்சலை எதிர்பார்த்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

பூ உதிர்ந்தால் தேமோர்க் கரைசல், மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று அடுக்கடுக்காகத் தெளிப்பவர்கள் உண்டு. இவை செடிக்கு ஊட்டம் தரலாம், ஆனால் 28 டிகிரி இரவை எந்தக் கரைசலும் 22 ஆக்காது. அதிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி இலையாகவே தழைத்துப் பூவை மறந்துவிடும். செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கிறது, பூவே இல்லை என்றால் மண்புழு உரத்தையும் கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் ஒரு மாதம் நிறுத்திவிட்டு, சாம்பலை மட்டும் ஒரு கைப்பிடி தூவுங்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. தக்காளிப் பூவின் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடம்பையே அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அந்த ரீங்காரம் மாடியில் கேட்டால் அன்று காலை எதையும் தெளிக்காதீர்கள். தேனீ வராத மாடிகளில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பூங்கொத்துக்குப் பின்னால் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். தினமும் செய்யவேண்டும். செர்ரி தக்காளி பெரிய ரகங்களைவிடச் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். கோடைக்கென்று நடுவதானால் அதையே நடுங்கள்.

மிளகாய் தக்காளியைவிடச் சற்றுத் தாங்கும். ராமநாதபுரம் முண்டு போன்ற நாட்டு ரகங்கள் வறட்சிக்குப் பழகியவை. மிளகாயில் பூ உதிர்வைக் குறைக்க வேளாண் துறையினர் பரிந்துரைப்பது என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கி. கடையில் பிளானோஃபிக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியை நாலரை லிட்டர் நீரில் கலந்தால் தேவையான அளவு வரும். நட்ட 60ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் தெளிப்பது வழக்கம். அளவு கூடினால் பூ அதிகமாக உதிரும் என்பதால் சொட்டு எண்ணி அளக்கவேண்டும்.

குடைமிளகாய்? சமவெளி மாடியில் மே மாதத்தில் அதைக் காய்க்கவைக்க மெனக்கெடவேண்டாம். செடியை நிழலில் உயிரோடு வைத்திருங்கள், போதும்.

இலை சுருள்கிறது

இங்கேதான் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். எந்த இலை, எந்தப் பக்கம் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

தக்காளியில் அடி இலைகள் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தோல் போலத் தடித்து, நிறம் மட்டும் பச்சையாகவே இருந்தால் அது வெயிலுக்குச் செடி செய்துகொள்ளும் தற்காப்பு. எதுவும் செய்யவேண்டாம். பக்கக்கிளை கிள்ளுவதைக் கொஞ்சநாள் நிறுத்துங்கள்.

நுனிக் கொழுந்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, குவிந்து, கணுக்கள் நெருங்கிச் செடி புதராகக் குன்றிவிட்டால் இலைச்சுருள் நச்சுயிரி நோய். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடியை லேசாகத் தட்டினால் மாவு பறப்பதுபோல எழுந்து மீண்டும் இலையடியில் உட்காரும். நச்சுயிரி தொற்றிய செடியைக் குணப்படுத்த ஒன்றுமே இல்லை. மனம் வராது, ஆனாலும் பிடுங்குங்கள். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிகளுக்கு ஊற்றுக்கண் திறந்துவைத்ததாகும். பிடுங்கும் முன் ஒரு பையால் செடியை மூடிக்கொண்டால் ஈக்கள் வேறு செடிக்குப் பறக்காது. அடுத்த முறை நாற்றுப் பருவத்திலேயே நெருக்கமான நைலான் வலைக்குள் வையுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் ரகம் இந்த நோய்க்கும் பாக்டீரியா வாடலுக்கும் எதிர்ப்புத்திறன் உள்ளது.

மிளகாயில் கணக்கு வேறு. இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகுபோல ஆனால் இலைப்பேன். ஓரம் கீழ்நோக்கி மடிந்து, படகைக் கவிழ்த்ததுபோல ஆகி, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகினால் முரணைச் சிலந்தி. இரண்டும் ஒரே செடியில் இருப்பதும் உண்டு.

இலைப்பேனைக் காண வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ மெல்லிய நூல் துண்டுகள் தாளில் விழுந்து சிறிது நேரத்தில் ஊர ஆரம்பிக்கும். முரணைச் சிலந்தி கண்ணுக்கே தெரியாது. கொழுந்திலையின் அடிப்புறம் வெண்கலப் பளபளப்பு ஏறி, பிஞ்சில் சொரசொரப்பான பழுப்புத் தழும்பு இருந்தால் அதுதான்.

ஏன் பிரித்தறிய வேண்டும்? சிலந்தி பூச்சியினம் இல்லை. இலைப்பேனுக்கு வாங்கிய பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளை மட்டும் கொன்றுவிடும், சிலந்தி பெருகும். இலைப்பேனுக்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடித்தது, வாரம் ஒருமுறை போதும். நீல நிற ஒட்டுப்பொறியும் உதவும். முரணைக்கு நனையும் கந்தகம், அதாவது நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், நல்லது, ஆனால் நிபந்தனைகள் இரண்டு: 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் தெளித்தால் இலை வெந்துவிடும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் படவே கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் கந்தகத்தைத் தொடாமல், சுருண்ட நுனிகளை மூன்று அங்குலம் கிள்ளி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துவதே மேல். மிளகாய் மறுபடி துளிர்க்கும்.

இலையில் ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், அடியில் நுண்ணிய வலை

செஞ்சிலந்தி. வறண்ட அனலில் வேகமாகப் பெருகும், ஈரம் பிடிக்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தில் பலமாக நீர் பீய்ச்சினாலே பெரும்பகுதி ஒழியும்.

காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது

நோய் என்று எண்ணிப் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் அதிகம். இது தொற்றாது. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராத குறை. அந்தச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே நகரும். நீரோட்டமோ அதிகமாக வெயிலில் ஆவியாகும் இலைக்கே ஓடும், காய்க்குக் குறைவாகவே கிடைக்கும். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் தொப்பென்று நனைந்தால் அந்தக் கொஞ்சமும் தடைப்படும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் தீரும் என்பார்கள். ஓடு மட்கிச் சத்தாக மாறப் பல மாதம் ஆகும். இந்தப் பருவக் காய்க்கு அது உதவாது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நீர் பாய்ச்சுவதில் ஒழுங்கு வரவேண்டும், மூடாக்கு இருக்கவேண்டும், தழைச்சத்து உரத்தைக் குறைக்கவேண்டும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள். அடுத்து வரும் கொத்து சரியாகிவிடும். பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் உப்பும் காரணம். வாரம் ஒருமுறை அடித்துளை வழியே நன்றாக வழியும்படி நீர் விட்டு உப்பைக் கழுவுங்கள்.

காயில் வெள்ளைத் திட்டு, வெடிப்பு, நிறம் ஏறாமை

வெயில் படும் பக்கம் மட்டும் தாள் போல வெளுத்துப் பிறகு அழுகினால் வெயில் சூடு. இலைகளைக் கழிக்காதீர்கள், அவைதான் காய்க்குக் குடை. கோடைமழைக்கு மறுநாள் பழம் வெடித்தால், காய்ந்திருந்த செடி ஒரேயடியாக நீரைக் குடித்ததன் விளைவு. தக்காளி சிவக்காமல் மஞ்சள் ஆரஞ்சாகவே நின்றால், 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது தடைப்படுகிறது என்று பொருள். நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்து, வீட்டில் குளிர்ந்த மூலையில் பரப்பி வையுங்கள். வெடிப்புக்கும் இதுவே தீர்வு.

காயில் ஓட்டை

ஓட்டையின் அளவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பென்சில் பருமனில் வட்டமான துளை, வாயில் ஈரமான எச்சம், பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயும் ஒரு புழு: இது காய்ப்புழு. இரவில் டார்ச் அடித்துத் தேடிக் கையால் பொறுக்குவது சிறு தோட்டத்துக்குப் போதுமான வைத்தியம். செண்டுமல்லியை ஓரத்தில் நட்டால் தாய் அந்துப்பூச்சி அதன் மொட்டுகளை நாடிப்போய் முட்டையிடும். அவற்றை அங்கேயே கண்காணித்து அழிக்கலாம். புழு சிறிதாக இருக்கும்போது பி.டி. என்னும் பாக்டீரியா மருந்து நன்றாக வேலை செய்யும். வெயில் அதன் வீரியத்தை அழித்துவிடுவதால் மாலையில்தான் தெளிக்கவேண்டும்.

குண்டூசி முனையளவு துளைகள் காம்பை ஒட்டி இருந்து, இலையிலும் அகலமான வெளிறிய திட்டுகள் தெரிந்தால் தக்காளி ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014இல் இந்தியாவில் முதலில் பதிவான பூச்சி இது. இதை இலைத்துளைப்பானோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இலைத்துளைப்பான் பாம்பு நெளிந்ததுபோல மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் போடும். அந்த இலைகளைக் கிள்ளிவிட்டால் போதும், காயைத் தொடாது. ஊசிப்புழுவுக்கோ ஆண் அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டவேண்டும். தாக்கிய இலை, காய் எதையும் மண்ணில் விடாமல் அழிக்கவேண்டும். உரக்குழியில் போட்டால் அங்கிருந்தே பெருகிவரும்.

பஞ்சு போன்ற வெண்மை, பிசுபிசுப்பு, எறும்பு ஊர்வலம்

மாவுப்பூச்சி அல்லது அசுவினி. அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். எதிரிப் பூச்சிகளை விரட்டும். எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டி நிற்கும் செங்கல்லைச் சுற்றி நீர்த்தட்டு வையுங்கள். பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கி, லிட்டருக்கு ஐந்து கிராம் காதி சோப்புக் கரைத்துத் தெளியுங்கள்; அரைமணி கழித்து வெறும் நீரால் கழுவுங்கள்.

மருந்து அடித்தபின் இலை கருகியது

வேப்பெண்ணெய் கெட்டதல்ல, தெளித்த நேரம் கெட்டது. லிட்டருக்கு ஐந்து மில்லிக்குமேல் கோடையில் வேண்டாம். எண்ணெய் மிதக்காதபடி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலந்து, மாலை ஐந்தரைக்குமேல், இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளிக்கவேண்டும். முன்னதாகக் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கவேண்டும். முதலில் ஒரு கிளையில் அடித்து மறுநாள் பாருங்கள். கருகிய இலையை உடனே வெட்டாதீர்கள், பச்சை மிச்சமிருக்கும்வரை அது செடிக்குச் சோறு போடும்.

இத்தனைக்குப் பிறகும் செடி தேறவில்லை என்றால்

தக்காளியை விட்டுவிடலாம். ஏப்ரலில் நோஞ்சானாகிவிட்ட செடியை ஜூன்வரை காப்பாற்றினாலும் அது வெள்ளை ஈக்கு விடுதியாகத்தான் இருக்கும். ஆனி நடுவில் புதிதாக விதை போட்டு, வலைக்குள் நாற்று வளர்த்து, ஆடியில் நடுங்கள்.

மிளகாயை விடாதீர்கள். தண்டு பச்சையாக இருந்தால் அதற்கு இன்னும் பல பருவம் ஆயுள் இருக்கிறது. முதல் நல்ல மழைக்குப்பின் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மேல்மண்ணைக் கிளறி, இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இடுங்கள். நிழல்வலையை ஒரே நாளில் அவிழ்க்காமல், முதல் வாரம் காலை வெயிலுக்கு மட்டும் சுருட்டிவையுங்கள்.